மைசூர்ச் சாலையில் பொருளாதார சாஸ்திரம்

பெங்களூரில் பொருளாதார சாஸ்திரம் பயிலப் புகும் ஒவ்வொரு மாணாக்கனும், 1952ஆம் ஆண்டில் 'இந்தியன் எகனாமிக் ரெவ்யூ' என்னும் பத்திரிகையில் வெளிவந்த ஒரு கட்டுரையை முதல் மாதத்திலேயே படித்தாக வேண்டும் என்று சட்டம் செய்யும் அதிகாரம் எனக்கு இருக்குமானால், தயங்காமல் செய்துவிடுவேன். எழுதியவர் வி.கே.ஆர்.வி. ராவ், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் ஜான் மேனார்ட் கெயின்ஸிடம் பாடம் கேட்டவர். அந்நாளில் பல தேசங்களின் சர்க்கார்கள் வேதவாக்காக ஏற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்த கெயின்ஸின் சித்தாந்தத்தில் ஒரு முக்கியமான பகுதியை எடுத்துக்கொண்டு, அது இந்தியா போன்ற தேசத்தில் அப்படியே பலிக்காது என்பதை, ஆசிரியரிடம் வைத்த மரியாதையிலும் குறையாமல், வாதத்திலும் விட்டுக்கொடுக்காமல், அவர் அதில் நிறுவிக் காட்டினார்.

அந்தப் பகுதிக்குப் 'பெருக்கி' என்று பெயர். ஓர் ஊரில் ஏரி வெட்டுவதற்குச் சர்க்கார் 100 ரூபாய் கூலி கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூலி பெற்றவர்கள் 20 ரூபாயை முடிந்து வைத்துவிட்டு 80 ரூபாய்க்கு அரிசியும் துணியும் வாங்குகிறார்கள். அந்த 80 ரூபாய் கடைக்காரருக்கும் நெசவாளருக்கும் வருமானம் ஆகிறது. அவர்களும் அதே விகிதத்தில் 64 ரூபாயைச் செலவிட, அது வேறு சிலருக்கு வருமானம் ஆகிறது. இப்படிச் சுற்றுக்குச் சுற்று தேய்ந்துகொண்டே போகும் தொகைகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால், முதலில் இறங்கிய 100 ரூபாய் 500 ரூபாய் வருமானமாகப் பெருகியிருக்கும். கணக்கில் பிழை ஏதும் இல்லை. கரும்பலகையில் எழுதிக் காட்டினால் எந்த மாணவனும் ஒப்புக்கொள்வான்.

ராவ் கேட்ட கேள்வி கணக்கைப் பற்றியதன்று, கணக்குக்கு அடியில் சொல்லாமல் விடப்பட்ட நிபந்தனைகளைப் பற்றியது. கெயின்ஸின் கண்முன் இருந்தது மந்த காலத்து இங்கிலாந்து. அங்கே ஆலைகள் மூடிக்கிடந்தன, நடப்புக் கூலிக்கே வேலை செய்யச் சித்தமாயிருந்த தொழிலாளிகள் வேலை கிடைக்காமல் நின்றார்கள், ஆகையால் ஜனங்களின் கையில் பணம் வந்து அவர்கள் துணி கேட்டவுடன் ஆலை திறந்து துணி வந்துவிடும். நம் ஊரிலோ கூலி வாங்கியவன் முதலில் கேட்பது சோறு. நெல்லோ, பணம் வந்துவிட்டது என்பதற்காக அடுத்த மாதமே கூடுதலாக விளைந்துவிடாது; விளைவிக்கும் குடியானவனும், கையில் நாலு காசு புரண்டால், முன்னே அரை வயிறாக உண்ட குடும்பத்துக்கு வயிறாரப் போட்டுவிட்டு மிஞ்சியதைத்தான் சந்தைக்கு அனுப்புவான். மூன்று பேர் செய்யக்கூடிய வேலையை ஐந்து பேராகப் பகிர்ந்துகொண்டு நிலத்திலேயே தங்கிக் கிடக்கும் குடும்பங்களை, வேலையின்றி ஆலை வாசலில் நிற்கும் கூட்டத்தோடு ஒன்றாக வைத்து எண்ணவும் முடியாது. எனவே பணவருமானம் சுற்றிச் சுற்றிப் பெருகும், சரக்கு பெருகாது, விலைவாசி ஏறும். ராவ் கண்ட முடிவின் சாரம் இவ்வளவே. புத்தகத்தில் உள்ள ஒரு சூத்திரத்தைக் கற்பதும், அந்தச் சூத்திரம் எந்த ஊரில் எந்த நிலைமையில் மெய்யாகும் என்று விசாரிப்பதும் இரண்டு வெவ்வேறு வித்தைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் கண்டதில்லை. நம் சர்வகலாசாலைகளில் முதலாவது வித்தை தாராளமாகவே கற்பிக்கப்படுகிறது.

ராவ் பிறந்தது காஞ்சிபுரத்தில், 1908ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி. பிரிட்டிஷ் இந்தியாவின் 1931–32ஆம் வருஷத்துத் தேசிய வருமானத்தைக் கணிப்பதையே தம் ஆராய்ச்சியாகக் கொண்டு 1937இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். தேசத்தின் வருமானத்தைக் கணிப்பது என்பது, அதற்கென்று ஒரு சர்க்கார் இலாகாவும் மாதிரிக் கணக்கெடுப்பும் இல்லாத அந்த நாளில், ஏறக்குறைய தனிமனிதத் தவம். வயலில் விளைந்தவற்றையும் சுரங்கத்தில் வெட்டியவற்றையும் சரக்கின் மதிப்பாகக் கூட்டலாம். ஆனால் நாவிதரும் வண்டிக்காரரும் வீட்டு வேலைக்காரரும் சில்லறை வியாபாரியும் எதை 'உற்பத்தி' செய்தார்கள் என்று எப்படி நிறுப்பது? அவர்கள் எத்தனை பேர் என்று 1931ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தொழிலுக்கும் சராசரி வருமானம் என்னவென்று விசாரித்து, இரண்டையும் பெருக்கிச் சேர்த்தார். தலைக்கு வருஷம் 62 ரூபாய் என்று விடை வந்தது. அதாவது மாதம் ஐந்து ரூபாய்க்குச் சற்றே மேல். தாதாபாய் நௌரோஜி 1867–68ஆம் வருஷத்துக்குக் கணித்துச் சொன்ன 20 ரூபாயோடு இதை ஒப்பிட்டு மகிழ்ந்துவிடக் கூடாது; இடையில் விலைவாசியும் மாறியிருந்தது, கணித்த முறையும் வேறு. எண்ணைக் கண்டவுடன் ஒப்பிடத் துடிக்கும் புத்தியை அடக்குவதுதான் புள்ளிவிவரப் பாடத்தின் முதல் படி.

சுதந்திரம் வந்தபின் 1949இல் அமைக்கப்பட்ட தேசிய வருமானக் கமிட்டியில் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் தலைவராகவும், பொருளாதார அறிஞர் காட்கிலும் ராவும் அங்கத்தினர்களாகவும் இருந்தார்கள். அதே ஆண்டில் ராவ் டில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸைத் தோற்றுவித்தார். 1958இல் அங்கேயே பொருளாதார வளர்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். டில்லி சர்வகலாசாலையின் துணைவேந்தர், திட்டக் கமிஷன் அங்கத்தினர், மத்திய மந்திரி என்று பதவிகளைக் கடந்து வந்து, 1972இல் பெங்களூரில் 'சமூக, பொருளாதார மாற்றத்துக்கான ஆராய்ச்சி நிலையம்' என்ற மூன்றாவது ஸ்தாபனத்தை நிறுவினார். அறுபது வயதைத் தாண்டிய பின், மந்திரி பதவியை விட்டு வந்தவர் மறுபடி அஸ்திவாரம் தோண்டினார் என்பதில் அவருடைய சுபாவம் முழுதும் தெரிகிறது. அந்த நிலையம் அன்றைக்கு நகரத்துக்கு வெளியே கிடந்த நாகரபாவியில், மைசூர்ச் சாலையில் உள்ள பெங்களூர் சர்வகலாசாலையின் ஞானபாரதி வளாகத்தை அடுத்து எழுந்தது. இன்று அந்தப் பக்கமே ஒரு பொருளாதாரப் பேட்டையாகிவிட்டது. 1964இல் ஏற்பட்ட சர்வகலாசாலையின் பொருளாதாரத் துறை, ராவின் நிலையம், 2017இல் தொடங்கிய டாக்டர் அம்பேத்கர் பொருளாதாரப் பள்ளி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று நடந்து போய்ப் பார்த்துவரும் தூரத்தில் இருக்க, அதே மைசூர்ச் சாலையில் இன்னும் சில மைல் போனால் இந்தியப் புள்ளியியல் நிலையத்தின் பெங்களூர்க் கிளையும் வந்துவிடுகிறது. பழைய மைசூர் சமஸ்தானத்தில் என்ஜினீயர் விசுவேசுவரய்யா 1911இல் கூட்டுவித்த பொருளாதார மகாநாட்டையும் சேர்த்துக்கொண்டால், இவ்வூருக்கும் இந்தச் சாஸ்திரத்துக்கும் உள்ள உறவு கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு வெகு காலம் முந்தியது.

பெங்களூர் நிலையத்தின் பெயரில் 'சமூக' என்ற சொல்லை முன்னால் வைத்தது அலங்காரத்துக்காக அன்று. பொருளாதார நிபுணர்கள் தனியே உட்கார்ந்து எண்களோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தால் கிராமம் அவர்களுக்கு அகப்படாது என்று ராவ் கருதினார். ஆகவே சமூகவியலில் தலைசிறந்தவராக விளங்கிய எம்.என். ஸ்ரீநிவாஸை டில்லியிலிருந்து வரவழைத்துத் தம்மோடு வைத்துக்கொண்டார். ஸ்ரீநிவாஸ், 1948இல் மைசூருக்கருகே ராம்புரா என்று தாம் பெயரிட்ட ஒரு கிராமத்தில் தங்கியிருந்து எடுத்த குறிப்புகள் 1970இல் அமெரிக்காவில் தீக்கிரையாகிவிட, அக்கிராமத்தைப் பற்றிய நூலை நினைவைத் துணைகொண்டே எழுதி முடித்தவர். கிராமத்தில் போய் இருந்து பார்க்காதவன் கிராமத்தைப் பற்றிப் பேசலாகாது என்ற கொள்கையை அவர் விட்டுக்கொடுத்ததேயில்லை.

இந்தக் கொள்கை தென்னாட்டுப் பொருளாதாரப் படிப்புக்குப் புதிதன்று. சென்னைச் சர்வகலாசாலை இந்தியப் பொருளாதாரத்துக்கென்று ஓர் ஆசனம் ஏற்படுத்தி, ஆக்ஸ்போர்டு ரஸ்கின் கல்லூரியின் தலைவராயிருந்த கில்பர்ட் ஸ்லேட்டரை 1915இல் அதற்கு அழைத்தபோது, வந்தவர் இங்கிலாந்துப் பாடநூலை விரித்துவைத்துப் பிரசங்கம் செய்வதோடு நிற்கவில்லை. விடுமுறைக்கு ஊர் போகும் மாணாக்கர் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, நிலம் யாரிடம், கடன் யாருக்கு, கூலி நெல்லாகவா காசாகவா என்றெல்லாம் விசாரித்து எழுதிவரச் செய்தார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, காஞ்சிக்கருகேயுள்ள தூசி, திருநெல்வேலிச் சீமைக் கங்கைகொண்டான் முதலிய ஊர்களைப் பற்றி அவ்வாறு திரண்ட விவரங்கள் 1918இல் நூலாயின. சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பின் அதே ஊர்களுக்குத் திரும்பப் போய்ப் பார்த்து, பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் 1940இல் மறு ஆய்வை வெளியிட்டார்கள். அதற்குப் பின்னும் இருவேல்பட்டுக்கு ஆராய்ச்சியாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் போய் வந்துகொண்டிருக்கிறார்கள். இந்தியாவில் இவ்வளவு நீண்ட காலம் விசாரிக்கப்பட்ட கிராமங்கள் வெகு சிலவே. ஒரு வகுப்பின் விடுமுறை வேலையாகத் தொடங்கியது நூறு ஆண்டுச் சரித்திரமாகிவிட்டது.

மைசூர் நாட்டில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது மண்டியா ஜில்லாவின் இரண்டு கிராமங்களின் கதை. வியன்னாவில் பிறந்து, அகதியாக இங்கிலாந்து சேர்ந்து, மான்செஸ்டரில் பயின்ற ஸ்கார்லெட் எப்ஸ்டீன் என்ற பெண்மணி 1954 முதல் 1956 வரை அங்கே தங்கி ஆராய்ந்து, ஊர்களின் உண்மைப் பெயரை மறைத்து வங்கலா, தலேனா என்று பெயரிட்டு 1962இல் நூல் எழுதினார். கிருஷ்ணராஜசாகரத்து நீரைக் கொண்டுவந்த விசுவேசுவரய்யா கால்வாய் வங்கலாவின் வயல்களுக்குப் பாய்ந்தது. தலேனாவின் நிலமோ கால்வாய் மட்டத்துக்கு மேலே இருந்தபடியால் ஒரு சொட்டு நீரும் ஏறவில்லை. எந்த ஊர் அதிகம் மாறியிருக்கும் என்று எந்த வகுப்பில் கேட்டாலும், நீர் வந்த ஊர் என்றுதான் மாணவர்கள் சொல்வார்கள். நிகழ்ந்தது வேறு. வங்கலாவில் கரும்பு விளைந்தது, மண்டியாச் சர்க்கரை ஆலை வாங்கிக்கொண்டது, கையில் பணம் புரண்டது. ஆனால் ஜனங்கள் முன்னே செய்துவந்த விவசாயத்தையே இன்னும் செழிப்பாகச் செய்தார்கள், பண்ணையாளுக்கும் எஜமானனுக்கும் இருந்த பரம்பரைக் கட்டு அப்படியே நீடித்தது. தலேனாவில் நிலத்தை நம்பிப் பயனில்லை என்று கண்டவர்கள் வண்டி ஓட்டினார்கள், மில் வைத்தார்கள், மண்டியாவில் உத்தியோகம் தேடினார்கள், நீர் பாயும் பக்கத்து ஊர்களில் நிலம் வாங்கினார்கள். அந்த அலைச்சலில் ஊரின் பழைய ஜாதிக் கட்டுப்பாடுகளும் பரம்பரைக் கடமைகளும் தளர்ந்துபோயின. 1970இல் எப்ஸ்டீன் திரும்பி வந்து இரண்டு ஊர்களையும் மறுபடி பார்த்து இன்னொரு நூலும் எழுதினார். முதலீடு வந்தால் மாற்றம் வரும் என்ற வாக்கியத்தை இவ்விரண்டு ஊர்களையும் அறிந்த மாணவன் எழுதும்போது, என்ன மாற்றம், யாருக்கு என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே எழுதுவான்.

இப்பொழுது வகுப்பறைக்கு வருவோம். எம்.ஏ. படிப்பு நான்கு செமஸ்டர். நுண்ணினப் பொருளியல், பேரினப் பொருளியல், கணிதம், புள்ளியியல், பொது நிதி, சர்வதேச வாணிபம், இந்தியப் பொருளாதாரம், கர்நாடகப் பொருளாதாரம் என்று பாடங்கள் வரிசையாக வருகின்றன. இந்த வரிசையில் கணிதத்தின் கனம் வருஷத்துக்கு வருஷம் ஏறிவருகிறது. கணிதம் வேண்டாம் என்று சொல்பவர்களின் கட்சியில் நான் இல்லை. ராவின் தேசிய வருமானமும் கணக்குத்தானே. ஆனால், கன்னட மொழியில் பி.ஏ. படித்துத் தும்கூரிலிருந்தோ சித்ரதுர்க்கத்திலிருந்தோ வரும் மாணவி, ஆங்கிலப் பாடநூலின் பாஷையோடும் வகைநுண்கணிதத்தோடும் ஏககாலத்தில் மல்லாட நேரும்போது, தன் ஊரில் தானே கண்ணால் கண்ட விவகாரங்களெல்லாம் பொருளாதாரத்தில் சேரா, நியூயார்க்குக் காப்பிக் கடையின் தேவைக் கோடுதான் பொருளாதாரம் என்ற எண்ணம் அவளுக்கு உண்டாகிவிடுகிறது. கடலைக்காய் மண்டியில் தரகர் விலை பேசுவதைச் சிறுவயது முதல் பார்த்தவளுக்கு அது நஷ்டம், சாஸ்திரத்துக்கும் நஷ்டம். தமிழ்நாட்டில் தமிழ் வழியில் படித்துவிட்டு மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைகளின் நிலைமையும் இதுவே.

ஆசிரியரைக் குறை சொல்லி முடித்துவிடுவது எளிது. கர்நாடகத்தின் அரசுக் கல்லூரிகளில் 'அதிதி உபன்யாசகர்' என்ற பெயரில் நிரந்தர நியமனம் இன்றிப் பாடம் நடத்துவோர் ஏராளம். அடுத்த வருஷம் தமக்கு வேலை உண்டா என்றறியாத ஒருவர், மாணவர்களை அழைத்துக்கொண்டு மண்டியாவுக்குப் போய்ப் பத்து நாள் தங்கி வீடு வீடாக விசாரிக்கும் திட்டத்தை எந்தத் தைரியத்தில் வகுப்பார்? பாடத்திட்டத்தை முடித்து, போன வருஷத்து வினாத்தாளை எழுதிப் போட்டுவிட்டுப் போவதே அவருக்குப் பத்திரம். ஸ்லேட்டருக்கு இருந்த சௌகரியம் அறிவைவிட அவகாசம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸை முன்மாதிரியாகக் கொண்டு அம்பேத்கர் பெயரில் புதிய பள்ளியைத் தொடங்கியது நல்ல எண்ணம். அம்பேத்கர் லண்டனில் ஆராய்ச்சி செய்து 1923இல் ரூபாயின் பிரச்சினையைப் பற்றி நூல் வெளியிட்டவர், அதற்கு முன் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதார ஆசிரியராக இருந்தவர் என்பதை அரசியல் மேடைகளிலும் சற்று நினைவுகூர்ந்தால் தேவலை. லண்டனை முன்மாதிரியாகக் கொள்ளும்போது அதன் பெயரை மட்டுமன்றி, ஆசிரியருக்கு அது கொடுக்கும் அவகாசத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

வகுப்பறைப் பாடம் நேரே ஆட்சியைத் தொடும் இடமும் உண்டு. தார்வாரில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்து பின்னர்த் துணைவேந்தரான டி.எம். நஞ்சுண்டப்பாவின் தலைமையில் கர்நாடக சர்க்கார் அமைத்த கமிட்டி 2002இல் தன் அறிக்கையைத் தந்தது. ராஜ்யத்தின் 175 தாலுக்காக்களை 35 குறியீடுகளால் அளந்து, 114 தாலுக்காக்கள் பின்தங்கியவை என்றும், அவற்றுள் 39 மிகமிகப் பின்தங்கியவை என்றும் அது வகுத்தது. அந்த 39இல் 26 வடகர்நாடகத்தைச் சேர்ந்தவை. பட்டியல் வந்த பிறகு ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்திலும் அதைக் காட்டிப் பணம் கேட்பது வழக்கமாயிற்று. ஆனால் மாணவர் கவனிக்க வேண்டியது பட்டியலை அன்று, பட்டியல் பிறந்த விதத்தை. பள்ளிக்கூடத்துக்கு எத்தனை பங்கு, பாசனத்துக்கு எத்தனை பங்கு, பாங்குக் கிளைக்கு எத்தனை பங்கு என்று எடை போடாமல் 35 குறியீடுகளை ஒரே எண்ணாகச் சேர்க்க முடியாது. எடையை மாற்றினால் வரிசையும் மாறும். வரிசை மாறினால் ஏதோ ஒரு தாலுக்காவின் ரஸ்தா இன்னொரு தாலுக்காவுக்குப் போய்விடும். எடை போட்டவர்கள் நேர்மையாகவே போட்டார்கள் என்று நம்புகிறேன். எனினும், மந்திரிகளும் எம்.எல்.ஏ.க்களும் சண்டையிடும் இடத்துக்கு வெகு முன்னதாகவே, யாரும் கவனிக்காத ஓர் அறையில், ஒரு புள்ளியியல் அட்டவணையில் தீர்மானங்கள் நடந்துவிடுகின்றன என்ற செய்தியை எம்.ஏ. மாணவனுக்குச் சொல்லிக் கொடுக்காத துறை அவனுக்கு முக்கியமானதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

புத்தகத்துச் சூத்திரத்தை ஊரோடு வைத்துச் சோதித்துப் பார்ப்பதற்கு மண்டியா வரையில்கூடப் போக வேண்டியதில்லை. பசவனகுடிப் பக்கத்தில் தோன்றி மைசூர்ச் சாலையை ஒட்டினாற்போல் வரும் விருஷபாவதி என்னும் ஆறு, நகரத்தின் சாக்கடையையும் தொழிற்சாலைக் கழிவையும் சுமந்துகொண்டு, மேற்சொன்ன கலாசாலைகளுக்கு அருகாகவே, மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் கடக்க முடியாதபடி ஓடுகிறது. ஒருவன் செய்யும் காரியத்தின் செலவு அவன் கணக்கில் ஏறாமல் பிறர் தலையில் விடியும்போது, அந்தச் செலவுக்குச் சமமாக வரி விதித்து அவனைத் திருத்தலாம் என்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பீகூ 1920இல் எழுதினார். புறவிளைவு என்ற பாடத்தில் இன்றும் அதுவே முதல் அத்தியாயம். புத்தகத்து உதாரணத்தில் ஓர் ஆலை, அதன் புகையால் கெடும் ஒரு வண்ணான் துறை, விஷயம் சுலபம். விருஷபாவதியிலோ அழுக்கு விடுபவர்களில் லட்சோபலட்சம் குடும்பங்கள் இருக்கின்றன. பாடம் நடத்தும் பேராசிரியரின் வீடும் அதில் சேர்த்தி. பிடதிக்கருகே பைரமங்கல ஏரியில் தேங்கும் அதே நீரைப் பாய்ச்சிப் பயிர் செய்யும் விவசாயிகளுக்கு, கோடையிலும் வற்றாத நீர் என்ற லாபமும், மண்ணும் கிணறும் கெடும் நஷ்டமும் ஒரே வாய்க்காலில் வந்து சேருகின்றன. அங்கிருந்து அது அர்க்காவதியில் கலந்து, அர்க்காவதி சங்கமத்தில் காவிரியோடு சேர்ந்து, மேகதாட்டைக் கடந்து தமிழ்நாட்டுக்குள் புகுகிறது. பீகூவின் வரியை யாரிடம் தண்டி யாருக்குக் கொடுப்பது என்ற கேள்விக்குத் தாலுக்கா எல்லையில் ஒரு விடையும், ஜில்லா எல்லையில் ஒரு விடையும், ராஜ்ய எல்லையில் முற்றிலும் வேறொரு விடையும் வருவதால், பரீட்சையில் ஐந்து மார்க்குக்குக் கேட்பதற்கு இது தோதுப்படாது. அதனால்தானோ என்னவோ, வினாத்தாளில் இன்னும் புகைபோக்கியும் வண்ணான் துறையுமே வந்துகொண்டிருக்கின்றன.